காணாத கரைகள்: சுப்பீரியர் வாவியின் கற்கள்



இலங்கையின் முழுப் பரப்பளவு ஏறத்தாழ 65,600 சதுர கிலோமீற்றர். இம்மாதம் நாம் பார்க்கப்போகும் சுப்பீரியர் வாவியின் நீர்ப்பரப்பு மட்டும் 82,000 சதுர கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரையுள்ள காடு, வயல், மலை, நகரம் அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அந்த ஒரு வாவியின் அளவுக்கு வராது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்கும் அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கொன்சின், மிச்சிகன் ஆகிய மாநிலங்களுக்கும் நடுவே அது கிடக்கிறது. ஆகக் கூடிய ஆழம் 406 மீற்றர். நீர்ப்பரப்பைக் கொண்டு பார்த்தால் உலகின் மிகப் பெரிய நன்னீர் வாவி அதுதான். வாவி என்றதும் மட்டக்களப்பின் உவர்நீர் நினைவுக்கு வரும் நமக்கு, அடிவானம் வரை தண்ணீர், அதிலே கப்பல், அலை, புயல் எல்லாம் இருந்தும் கையால் அள்ளி வாயில் வைத்தால் உப்பில்லை என்பது நம்பக் கடினமான விடயம்தான்.

இடத்துக்குள் போவதற்கு முன்னர், இந்தப் பக்கத்துக்கு வந்த ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதியவர் ஒரு கரையோரக் கிராமத்துக்கு மீளக் குடியேறிய சகோதரி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். "அக்கா, நீங்கள் எழுதும் இடங்களை வாசிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு எங்கள் ஊர்க் கடற்கரையில்கூடச் சும்மா இருந்து பார்க்க மனம் வருவதில்லை. அவர் இல்லாமற்போன பிறகு அப்படி இருந்தால், இவளுக்கு என்ன கவலை என்று சனம் நினைக்கும். சில நேரம் எனக்கே அப்படித் தோன்றுகிறது" என்று எழுதியிருந்தார். அவருக்குத் தபாலில் பதில் அனுப்பவில்லை. கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டுதான் இம்மாதத்து இடத்தைத் தெரிவு செய்தேன்.

2018 ஆம் ஆண்டு ஆவணி மாதம் கனடாவிலுள்ள தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ரொறன்ரோவிலிருந்து சூ செயின்ற் மேரி என்ற நகரம் ஏறத்தாழ 700 கிலோமீற்றர். அங்கிருந்து 17ஆம் இலக்க நெடுஞ்சாலை வாவியை ஒட்டியபடி வடக்கே போகிறது. ஒன்ராறியோவில் நம்மவர்கள் பெருந்தொகையாக வாழ்ந்தாலும் இந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. தங்கைக்கே அங்கே போய்ப் பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதற்தடவை. வேலை, வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு என்று காலம் போய்விட்டது என்றாள்.

அகாவா குடா என்ற இடத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டுக் கரைக்கு நடந்தோம். மணல் இருக்கும் என்ற எண்ணத்தில் செருப்பைக் கையில் எடுத்தவள் உடனேயே திரும்பப் போட்டுக்கொண்டேன். நடந்தது முழுவதும் கல்லின்மேல். முட்டை அளவு, தேங்காய் அளவு, பூசணிக்காய் அளவு. எல்லாம் உருண்டை அல்லது தட்டையான வட்டம். கூரான முனை என்று ஒன்றையும் காணவில்லை. மேலே காட்டோரமாகப் பெரிய கற்கள். கீழே இறங்க இறங்கச் சிறிய கற்கள். ஆரோ நின்று தெரிந்து தெரிந்து அடுக்கியதைப் போலிருந்தது. அடுக்கியது அலைதான். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அங்கே பெரும் புயல்கள் வரும். அந்த அலைகள் பெரிய கற்களைத் தூக்கி உயரத்தில் எறிந்துவிட்டுப் போகின்றன. சிறியவை அலையோடு திரும்பி உருண்டு வந்துவிடுகின்றன.

காய்ந்து கிடக்கும் கற்கள் எல்லாம் பார்வைக்கு ஒரே சாம்பல் நிறம். அலை நனைத்துவிட்டுப் போகும் இரண்டு முழ அகலத்திலேதான் உண்மையான நிறம் தெரிகிறது. சில கற்கள் தணல்போன்ற சிவப்பு. சில முருங்கையிலைப் பச்சை. வெள்ளை வரி ஓடிய கறுப்புக் கற்கள் உண்டு. மீனின் செவுள்போல இளஞ்சிவப்பாயிருந்தவற்றில் மினுக்கும் புள்ளிகள். அலை பின்வாங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளும் சத்தம் வருகிறது. சுளகில் பயறு கொழிக்கும் சத்தம் அது. ஒவ்வோர் அலைக்கும் ஒரு தடவை. நாங்கள் ஐந்து பேரும் வெகுநேரம் ஒன்றும் கதைக்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

என் கை தன்பாட்டில் ஐந்து கற்களைப் பொறுக்கிவிட்டது. கொக்கான் வெட்டத் தோதான அளவு. சின்ன வயதில் வீதி திருத்தக் குவித்திருந்த சல்லிக் கல்லில் கொக்கான் வெட்டிக் கை உரசிய நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கரை ஒரு பொக்கிசம். மேலே எறிந்து, கீழே கிடப்பதை அள்ளி, விழுவதை ஏந்திக் காட்டினேன். கனடாவில் பிறந்த பெறாமகள் அன்றுதான் அந்த விளையாட்டைக் கண்டாள். எனக்கு நாலாங்கை வரைதான் வந்தது. அவளுக்கு அதுவே மந்திரம்போலிருந்தது.

அந்தக் கரையில் நான் கவனித்த இன்னொன்று உண்டு. வயதான பெண்கள் சிலர் மடக்குக் கதிரையைக் கொண்டுவந்து விரித்து, தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார்கள். பின்னல் வேலை இல்லை, புத்தகம் இல்லை. ஒரு பெண் கையில் வேலை ஒன்றுமில்லாமல் இரண்டு மணித்தியாலம் இருப்பதை நான் நம்மூரில் செத்தவீட்டில் மாத்திரமே கண்டிருக்கிறேன். அங்கேகூட வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்க இடையில் எழும்ப வேண்டும்.

இனி அந்தக் கற்கள் எப்படி வந்தன என்று பார்ப்போம். அங்கேயுள்ள கறுங்கற்பாறைகள் சில 250 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. நாம் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் எடுக்கும் கல்லின் இனந்தான். அம்மி பொளிபவர் உளியால் தட்டும்போது மினுக்கு மினுக்கென்று தெறிக்குமே, அதே மினுக்கம் அங்கேயும் உண்டு. கறுப்பாயிருப்பவற்றின் கதை வேறு. ஏறத்தாழ 110 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வட அமெரிக்கக் கண்டம் நடுவே பிளக்கத் தொடங்கியது. பிளவு வழியாக எரிமலைக் குழம்பு திரும்பத் திரும்பப் பொங்கி வந்து பரவி இறுகியது. கண்டம் இரண்டாகிப் போக முன்னரே அந்தப் பிளவு நின்றுவிட்டது. பாரம் தாங்காமல் நடுநிலம் அமிழ்ந்தது. இன்று வாவி கிடப்பது அந்த அமிழ்ந்த பள்ளத்தில்தான்.

குழம்பு இறுகும்போது அதற்குள்ளிருந்த வாயு வெளியேற முடியாமல் குமிழி குமிழியாக நின்றது. அப்பத்தின் நடுவில் சின்னச் சின்ன ஓட்டைகள் நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மிகப் பல ஆண்டுகளாகக் கனிமம் கரைந்த நீர் அந்த ஓட்டைகளுக்குள் கசிந்து, ஒரு படை, அதன்மேல் ஒரு படை என்று படிந்து நிரம்பியது. நீரிலிருந்த இரும்பு அதற்குச் சிவப்பும் செம்மஞ்சளும் ஏற்றியது. இப்படி உண்டான கல்லை அகேற் என்பார்கள். உடைந்த முகத்தைப் பார்த்தால் சின்ன வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினாற்போல வரிவரியாக இருக்கும். அகேற் தேடுகிறவர்கள் மாலை வெயிலை எதிர்நோக்கி நடப்பார்கள். அப்படி நடந்தால், மற்றக் கற்களெல்லாம் இருண்டு கிடக்க, அகேற் மட்டும் ஒளியை உள்ளே விட்டு விளக்குப்போல நிற்கும். 1969 இல் மினசோட்டா மாநிலம் இதைத் தன் மாநிலத்து மணிக்கல்லாக அறிவித்தது.

தண்ணீர் கல்லைத் தேய்க்கிறது என்று சாதாரணமாகச் சொல்லுவோம். தண்ணீர் தனியே தேய்ப்பது சொற்பம். அலை கற்களைப் புரட்டும்போது கல்லைக் கல்லும் மணலுமே தேய்க்கின்றன, அம்மியும் குழவியும் ஒன்றையொன்று தேய்ப்பதைப்போல. இதைச் சொன்னவுடன், துன்பமும் மனிதரை இப்படித்தான் மெருகூட்டுகிறது என்று ஒரு பாடம் எடுத்துவிடலாம். அப்படிப்பட்ட பேச்சுக்களை எத்தனையோ கருத்தரங்குகளில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதலாவது, கல்லுக்கு நோவதில்லை. இரண்டாவது, அந்தக் கரையில் மெருகேறிய கற்களை மட்டுமே நாம் கையில் எடுக்கிறோம். அதே அலையில் பொடியாகிப் போனவை அடியில் மணலாய்க் கிடக்கின்றன. அவற்றை ஒருவரும் பொறுக்கி அழகு பார்ப்பதில்லை.

கரையிலுள்ள கற்களில் பல அந்த இடத்துக்குச் சொந்தமானவை அல்ல என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அந்தப் பிரதேசத்தைப் பெரும் பனிக்கட்டி மூடியிருந்த காலம் ஒன்றிருந்தது. மலைபோன்ற தடிப்புள்ள பனிக்கட்டி வடக்கிலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து, வழியிலிருந்த பாறைகளைப் பெயர்த்து, தன்னோடு இழுத்துக்கொண்டு போனது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னர் அது உருகிப் பின்வாங்கியபோது, சுமந்து வந்தவற்றை ஆங்காங்கே போட்டுவிட்டுப் போனது. வடகரைப் பாறையின் துண்டைத் தென்கரையில் காணலாம். வந்த பாதையைக் கல்லே காட்டிக்கொடுக்கும்.

2017 இல் மிச்சிகன் பக்கத்துக் கரையில் ஒருவர் இரவில் புறஊதா ஒளி தரும் ரோச் லைற்றோடு நடந்திருக்கிறார். வங்கியில் கள்ளத்தாள் பார்க்க நோட்டைப் பிடிப்பார்களே, அந்த வகை ஒளி. பகலில் ஒருவரும் திரும்பிப் பாராத சாம்பல் நிறக் கற்கள் சில, அந்த ஒளி பட்டதும் அடுப்பில் கனலும் விறகுக்கரிபோல உள்ளுக்குள் செம்மஞ்சளாய் எரிந்தன. ஆராய்ந்தபோது அவற்றில் சோடலைற் என்ற கனிமம் இருப்பது உறுதியானது. வாவிக்கு அப்பால் ஒன்ராறியோவிலுள்ள பாறைகளிலிருந்து பனிக்கட்டி கொண்டுவந்து போட்டவையாம். எத்தனை தலைமுறை அந்தக் கல்லை மிதித்து நடந்திருக்கும்!

அந்தக் கரைகளின் பழைய சொந்தக்காரர் அனிஷினாபே மக்கள். வாவிக்கு அவர்கள் வைத்த பெயர் கிச்சிகாமி. பெருங்கடல் என்பது பொருள். அவர்களுடைய மொழியைப் பற்றி அறிந்த ஒன்று என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. தமிழிலே பெயர்களை உயர்திணை, அஃறிணை என்று பிரிப்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம் அல்லவா. அவர்களுடைய மொழியிலும் பெயர்கள் இரண்டு வகை. ஒன்று உயிருள்ளவற்றுக்கு, மற்றது உயிரற்றவற்றுக்கு. கல்லுக்கு அவர்கள் சொல்லும் 'அசின்' என்ற சொல் உயிருள்ளவற்றின் வகையில் சேர்கிறது. நம் இலக்கணத்தில் மாடும் மரமும்கூட அஃறிணைதான். அவர்களுடைய இலக்கணத்தில் கல்லுக்கும் இடமிருக்கிறது.

அகாவாவில் வாவிக்குள் நேரே இறங்கும் ஒரு செங்குத்துப் பாறையில் அவர்களுடைய முன்னோர் காவிக்கல்லைக் குழைத்து வரைந்த சித்திரங்கள் உள்ளன. படகுகள், விலங்குகள், கொம்பும் முட்களும் கொண்ட நீர்ப்பூனையான மிஷிபேசு. அவற்றைப் பார்க்க, தண்ணீரை ஒட்டிய சரிவான பாறை விளிம்பால் போக வேண்டும். வழுக்கினால் பிடிக்கச் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். சேலையோடு போகக்கூடிய இடமல்ல.

இதே வாவியைச் சுற்றி 2003 ஆம் ஆண்டு ஒரு பெண் நடந்தார். பெயர் ஜோசபின் மண்டமின். அனிஷினாபே இனத்தவர், பேரப்பிள்ளைகள் கண்டவர். பழங்குடிப் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் வைத்த வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவரும் அப்படி ஒன்றில் வளர்ந்தவர். அவர்களுடைய மரபில் தண்ணீரைப் பேணுவது பெண்களின் பொறுப்பு. வாவிகள் மாசடைவதைச் சொல்ல, ஒரு செப்பு வாளியில் வாவித் தண்ணீரை எடுத்துக்கொண்டு, இன்னும் சில பெண்களோடு கரையைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். அந்த வாவியைச் சுற்றிவரும் வீதி 2,000 கிலோமீற்றருக்கு மேல். அடுத்த ஆண்டுகளில் வட அமெரிக்காவின் ஐந்து பெருவாவிகளையும் சுற்றி நடந்து முடித்தார். 2019 இல் காலமானார். வாளி செம்பில் இருந்ததற்கும் காரணம் உண்டு. சுப்பீரியர் கரையிலேயே தனிச் செம்பு கட்டியாகக் கிடைக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த மக்கள் அதை எடுத்துத் தட்டி ஊசியும் கத்தியும் செய்திருக்கிறார்கள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து மைல் கணக்கில் நடந்த நமக்கு அவருடைய கையின் நோவு விளங்கும்.

புறப்படும்போது பெறாமகளின் சட்டைப்பையில் கற்கள் குலுங்கின. அது மாகாணப் பூங்காவுக்குரிய கரை, அங்கிருந்து கல் எடுத்துப் போவது சட்டப்படி கூடாது என்று அறிவிப்புப் பலகையைத் தகப்பன் காட்டினார். "பெரியம்மா, ஒரு கல்தானே!" என்று என்னிடம் வந்தாள். அதே கேள்வியைக் கோடை முழுவதும் வரும் ஆயிரக்கணக்கானவர்களும் கேட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக நனைத்துப் பார்த்து, படம் எடுத்து, திருப்பி வைத்தாள். என் ஐந்து கொக்கான் கற்களும் அங்கேயேதான் கிடக்கின்றன. மிச்சிகனில் சட்டம் கொஞ்சம் இளக்கம். அரச நிலத்திலிருந்து ஓர் ஆள் ஆண்டுக்கு 25 இறாத்தல் வரை எடுக்கலாம்.

கல்லை எடுக்காமல் இடம் மாற்றி வைப்பதும் அங்கே கேடுதான். பனிக்கட்டியின் பாரம் நீங்கியதிலிருந்து அந்த நிலம் இன்றும் மெல்ல உயர்ந்துகொண்டிருக்கிறது. ஆதலால் பழைய கரைகள் படிப்படியாக மேலே, காட்டுக்குள் கிடக்கின்றன. அந்தப் பழைய கற்பரப்புக்களில் அனிஷினாபே மக்களின் முன்னோர் கையால் கற்களை அகற்றி அமைத்த குழிகள் இருக்கின்றன. புக்காஸ்க்வா குழிகள் என்று பெயர். சில ஆழமற்றவை, சில ஒரு குடிசை அளவு. தங்குமிடம் என்கிறார்கள் சிலர். தனித்திருந்து நோன்பு நோற்ற இடம் என்கிறார்கள் வேறு சிலர். சுற்றுலா வருபவர்கள் விளையாட்டாக அங்கே கல்லடுக்கிக் கோபுரம் கட்டினால், எது முன்னோர் வைத்தது, எது நேற்று வந்தவர் வைத்தது என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது. ஆகவே எதையும் தொட வேண்டாம் என்கிறார்கள். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து, வேலி மாற்றிப் போடப்பட்டிருந்த காணியில் எல்லைக் கல்லைத் தேடி அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காணி என்றதும் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வடகரை நிலத்தை 1850 இல் ஓர் ஒப்பந்தத்தின் மூலம் அந்த மக்களிடமிருந்து அரசு பெற்றது. நிலத்தின் வருமானம் கூடினால் ஆண்டுக் கொடுப்பனவும் கூடும் என்று எழுதப்பட்டிருந்தது. 1875 இல் ஆளுக்கு ஆண்டுக்கு 4 டொலர் என்று ஆக்கினார்கள். காடும் கனிமமும் எவ்வளவோ வருமானம் கொடுத்தும் அந்த 4 டொலர் கூடவேயில்லை. அரசு தன் வாக்கை மீறியது என்று 2024 ஆடி மாதம் கனடாவின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 150 ஆண்டுகள்.

இனித் தென்கரை. அமெரிக்க விசா இல்லாததால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. வாசித்து அறிந்ததைச் சொல்கிறேன். மிச்சிகனில் வைற்ஃபிஷ் முனை என்ற இடத்தில் ஒரு வெளிச்சவீடும் கல் நிறைந்த நீண்ட கரையும் உள்ளன. கோடையில் குடும்பம் குடும்பமாக வந்து குனிந்து குனிந்து அகேற் தேடுவார்கள். 1975 கார்த்திகை 10ஆம் திகதி மாலை, அந்த முனையை நோக்கி வந்துகொண்டிருந்த எட்மண்ட் பிற்ஸ்ஜெரல்ட் என்ற கப்பல், இரும்புத்தாது ஏற்றியபடி, புயலில் மூழ்கியது. 222 மீற்றர் நீளமான கப்பல். அதிலிருந்த 29 பேரும் இறந்தார்கள். ஒருவருடைய உடலும் கரைக்குக் கொண்டுவரப்படவில்லை. அந்த வாவியின் நீர் அவ்வளவு குளிர். சராசரியாக 4 பாகை செல்சியஸ்தான். இத்தகைய குளிரில் உடல்கள் மிதந்து மேலே வருவது அரிது.

குடும்பத்தவர்கள் இருபது ஆண்டுகள் பொறுத்திருந்தார்கள். பிறகு, கப்பலின் மணியையாவது எடுத்துத் தாருங்கள் என்று கேட்டார்கள். 1995 ஆடியில் 160 மீற்றருக்கும் கூடிய ஆழத்திலிருந்து அந்த மணி எடுக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, இறந்த 29 பேரின் பெயரும் பொறித்த இன்னொரு மணி கப்பலில் வைக்கப்பட்டது. எடுத்த மணி முனையிலுள்ள நூதனசாலையில் இருக்கிறது. ஒவ்வோராண்டும் கார்த்திகை 10 அன்று அது 29 தடவை ஒலிக்கப்படும். வாவிகளில் மாண்ட மற்ற எல்லோருக்குமாக முப்பதாவது தடவை. கப்பல் கிடக்கும் இடத்தைக் கல்லறையாக மதிக்க வேண்டும் என்று குடும்பத்தவர்கள் வாதாடியதன் பின், 2006 இல் ஒன்ராறியோ அரசு அனுமதியின்றி அங்கே இறங்குவதைச் சட்டத்தால் தடுத்தது.

அதையும் நம்முடையதையும் ஒன்றாக வைத்துப் பேச நான் வரவில்லை. அது விபத்து. எத்தனை பேர், எந்த இடம், எந்த நேரம் என்ற மூன்றுக்கும் அவர்களிடம் பதில் இருக்கிறது. நம்மில் பலரிடம் மூன்றில் ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கோடையில் பிள்ளைகள் கல் பொறுக்கிச் சிரிக்கும் கரையும், கார்த்திகையில் மனைவிமாரும் பிள்ளைகளும் வந்து நின்ற கரையும் ஒன்றே. அழுதுவிட்டு வெளியே வந்து காலடியிலுள்ள கல்லைக் குனிந்து எடுத்துப் பார்ப்பவரை அங்கே ஆரும் குறை சொல்வதாக நான் அறியவில்லை. அவர்களுக்கு ஊர் ஒரு நாளைக் கொடுத்திருக்கிறது, ஒரு மணியைக் கொடுத்திருக்கிறது, நிற்க ஓர் இடம் கொடுத்திருக்கிறது. கடிதம் எழுதிய சகோதரியே, கடற்கரைக்குப் போய் இருங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு உரிமையில்லை. 'இவளுக்கு என்ன கவலை' என்று கேட்கும் சனத்தோடுதான் எனக்குக் கதை இருக்கிறது. அவர்களில் சிலர் இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நம்மிடமும் கற்கள் இருக்கின்றன. குளக்கட்டின் உட்பக்கத்தில் அலை அரிக்காதபடி பதித்த கற்கள் நனைந்து கறுத்து நிற்பதைக் குளிக்கப் போகும்போது ஒரு கணம் நின்று பாருங்கள். இன்னொன்று. 2009 க்குப் பின் ஊர் திரும்பிய சகோதரிகள் சிலர் ஒரே விதமாக எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். கூரை இல்லை, கதவு நிலை இல்லை, கிணற்றடியில் வாளி இல்லை, அம்மி மட்டும் வைத்த இடத்தில் கிடந்தது என்று. பாரமாயிருந்ததால் ஒருவரும் தூக்கவில்லையாம். ஒருவர் அதன்மேல் முளைத்திருந்த பாசியைச் சுரண்டிவிட்டு அன்றிரவே சம்பல் அரைத்ததாகச் சொன்னார். உங்கள் வளவிலும் அப்படி ஒரு கல் எஞ்சியிருந்தால், அது அம்மியோ, உரலோ, படிக்கல்லோ, துவைகல்லோ, எதுவாயினும் ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். பெயர் போட விருப்பமில்லையென்றால் போட மாட்டோம். வருபவற்றை அடுத்த இதழில் இந்தப் பக்கத்திலேயே தருகிறேன்.